கடலில் இறங்குவோர் உடுக்க வேண்டியது எது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

வாடைக் காற்று ஓய்ந்து சோளகம் தொடங்கியதும், முல்லைத்தீவிலிருந்து அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்கிளாய் வரையான எமது கரையில் கடல் தணிந்துவிடுகிறது. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு வருகின்றவர்கள் கடலையும் கண்டு கால் நனைத்துச் செல்வதும், ஆடி, ஆவணி மாதங்களில் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் விடுமுறைக்கு வரும் உறவினர்கள் பிள்ளைகளோடு பொழுது சாயும்வரை கரையில் தங்குவதும், வவுனியா, கிளிநொச்சி, மாங்குளம் பக்கங்களிலிருந்து பாடசாலைப் பிள்ளைகள் சுற்றுலா வருவதும் வழமையாகிவிட்டன. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் கடலைத் திரும்பிப் பார்க்கவே அஞ்சியிருந்த ஊர்களின் பிள்ளைகள் மீண்டும் அலையில் விளையாடுவதைக் காண்பது எனக்கு மிகுந்த ஆறுதலைத் தருகிறது. ஆனால் அவர்கள் எதை உடுத்துக்கொண்டு கடலில் இறங்குகிறார்கள் என்பதைப் பார்க்கும்போது அந்த ஆறுதல் கவலையாக மாறுகிறது. நீரோட்டத்தைப் பற்றியும் ஆழத்தைப் பற்றியும் எச்சரிக்கும் நாம், இழுதுமீன் கொட்டுவதிலிருந்து உடலைக் காக்கும் உடையைப் பற்றி ஏறத்தாழ ஒன்றுமே பேசுவதில்லை. விஞ்ஞானம் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற வகையிலும், இக்கரையில் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குவதில் பங்குகொள்பவன் என்ற வகையிலும் அதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

கரைவலை இழுப்பவர்கள் சொறி என்று ஒதுக்கித் தள்ளும் இழுதுமீன்களில் எல்லாம் ஒரே அளவுக்குத் தீங்கானவை அல்ல. சில தோலில் அரிப்பை மட்டும் தரும். சில சாட்டையால் அடித்ததுபோன்ற தழும்பை விட்டுச் செல்லும். நீல நிறக் காற்றுப்பையுடன் நீர்மட்டத்தில் மிதந்து வரும் பைசாலியா, உண்மையில் இழுதுமீனே அன்று. பல சிற்றுயிர்கள் சேர்ந்து ஓருடலாக வாழும் கூட்டம் அது. அதன் நச்சு நூல்கள் 10 மீற்றருக்கு மேலும் நீளக்கூடியவை. ஆகவே காற்றுப்பையைத் தொலைவில் கண்டு விலகி நிற்பவரையும் நூல் தொட்டுவிடலாம். கரையில் ஒதுங்கி உயிரற்றதுபோல் கிடக்கும்போதும் அது கொட்டும். பெட்டி வடிவ இழுதுமீன்களோ கண்ணாடிபோல் இருப்பதால் நீரில் கண்ணுக்குத் தெரிவதே அரிது. கண்டு விலகுவதை நம்பியிருக்க முடியாது என்பதனால்தான் உடையின் முக்கியத்துவம் பெரிதாகிறது.

எமது பிள்ளைகளில் பெரும்பாலானோர் நீந்தப் பழகுவது குளத்திலும் வாய்க்காலிலும்தான். அங்கே ஒரு காற்சட்டை போதுமானது. அதே பழக்கத்துடன் கடலுக்கும் வருகிறார்கள். பெண்பிள்ளைகளும் தாய்மாரும் சுரிதாருடனோ நீளச் சட்டையுடனோ சேலையுடனோ இறங்குகிறார்கள். உடல் மூடியிருப்பதால் கொட்டாது என்று எண்ணுவது இயல்பே. எனினும் தொளதொளத்த துணி கடலில் இரண்டு வகையில் எதிரியாகிறது. முதலாவது, பருத்தித் துணி நீரை உறிஞ்சிக் கனத்து, கால்களைச் சுற்றிப் பின்னி, நீந்தத் தெரிந்தவரையும் கீழே இழுக்கிறது. இரண்டாவது, கீழ் விளிம்பாலும் கையின் வாயாலும் உள்ளே புகும் நச்சு நூல் வெளியேற வழியின்றித் துணிக்கும் தோலுக்கும் இடையில் சிக்கி, ஒவ்வோர் அசைவிலும் புதிதாகக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. வெறும் உடலில் பட்டிருந்தால் ஒரு கோடாக முடிந்திருக்கக்கூடிய காயம், இதனால் வயிறு முழுவதும் பரவிவிடுகிறது.

ஏன் ஒரு மெல்லிய துணி இவ்வளவு பெரிய பாதுகாப்பைத் தரமுடியும் என்பதைப் புரிந்துகொண்டால் உடையைத் தெரிவுசெய்வது எளிது. உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவர்களுக்கு அழன்மொட்டுச் சிறைப்பை என்ற சொல் நினைவிருக்கும். இழுதுமீனின் பரிசக்கொம்புகளில், அதாவது அந்த நச்சு நூல்களில், இலட்சக்கணக்கில் அமைந்துள்ள இந்த நுண்ணிய பைகள் ஒவ்வொன்றினுள்ளும் சுருண்ட குழாய் ஒன்று பெரும் அமுக்கத்தில் அடைபட்டிருக்கிறது. தொடுகை நிகழ்ந்ததும் அது வெடித்து வெளியே பாய்கிறது. இதே வகை உயிரான ஐதராவில் அளந்து பார்த்தபோது, பாய்ச்சலின் முதற்கட்டம் ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கிலும் குறைந்த நேரத்தில் முடிவடைவது தெரியவந்தது. இத்தனை வேகம் இருந்தும் அந்தக் குழாய் ஊடுருவும் ஆழமோ மிகச் சிறிது. பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றரைக்கூட எட்டாது. அதோடு, வெடிப்பதற்குத் தொடுகை மட்டும் அன்றி, இரையின் தோலிலுள்ள இரசாயனப் பொருள்களின் தூண்டலும் துணைசெய்கிறது. இறுக்கமாக நெய்த செயற்கை இழைத் துணி ஒன்று இடையில் இருந்தால், அந்தத் தூண்டலும் குறைகிறது, குழாய் கடக்க வேண்டிய தூரமும் கூடுகிறது. தடிப்பான கவசம் எதுவும் தேவையில்லை; இடைவெளி இல்லாத மூடுகையே தேவை.

இதனை உலகுக்கு நன்றாகக் காட்டியவர்கள் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்து உயிர்காப்பாளர்கள். அங்குள்ள பெட்டி இழுதுமீனான கைரோனெக்ஸ் பிளெக்கேரியின் பரிசக்கொம்புகள் 3 மீற்றர் வரை நீள்பவை. பரந்த அளவில் கொட்டுப்பட்டவர் சில நிமிடங்களிலேயே இறக்கவும் கூடும். தனியான பாதுகாப்பு உடைகள் கடைக்கு வருவதற்கு முன்னர், அந்த உயிர்காப்பாளர்கள் பெண்கள் காலுக்கு அணியும் மெல்லிய நைலோன் நீள்காலுறைகளைக் காலுக்கும், இன்னொன்றை வெட்டிக் கைக்கும் மாட்டிக்கொண்டு கடலில் இறங்கினார்கள். அந்த அனுபவத்தின் வழியில் வந்தவையே இன்று அங்கு கார்த்திகையிலிருந்து வைகாசி வரையான இழுதுமீன் பருவத்தில் சுற்றுலாப் பயணிகள் அணியும், தலைமூடியும் கையுறையும் சேர்ந்த முழுவுடல் லைக்ரா உடைகள். அங்கே கடற்கரைகளில் தடுப்பு வலைகளும் கட்டுகிறார்கள். ஆனால் ஒரு சென்ரிமீற்றர் அளவேயான இருகாஞ்ஜி வகை அந்த வலைக்கண்களினூடே புகுந்துவிடுவதால், வலைக்குள் குளிப்பவர்களையும் உடை அணியும்படியே அறிவுறுத்துகிறார்கள். அந்தக் கொடிய இனங்களின் கதையை அப்படியே எமது கரைக்குப் பொருத்தி மக்களை அச்சுறுத்துவது என் நோக்கம் அன்று. மிகக் கொடியதிடமிருந்து காக்கும் உடை, எமது கரைக்கு வரும் பைசாலியாவிடமிருந்தும் பெருமளவு காக்கும் என்பதே நான் எடுத்துக்கொள்ளும் பாடம். எந்த உடையும் முற்றான கவசம் ஆகாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இடைவெளி என்பது எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு பிள்ளையின் உடலில் பார்த்தேன். கள்ளப்பாட்டுப் பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த சிறுவன் ஒருவன் அலறிக்கொண்டு கரைக்கு ஓடிவந்தான். வெளிநாட்டு உறவினர் கொடுத்த நல்ல நீளக்கை நீச்சல் மேற்சட்டையும் முழங்கால் வரையான இறுக்கக் காற்சட்டையும் அணிந்திருந்தான். கைகளில் ஒன்றுமில்லை, மார்பில் ஒன்றுமில்லை. நீந்தும்போது மேற்சட்டை மேலே ஏறியதால் இடுப்பில் திறந்துகிடந்த நான்கு விரல் அகலத் தோலில் மட்டும், மணிகளைக் கோத்ததுபோலப் புள்ளி புள்ளியாகச் சிவந்து வீங்கிய கோடு ஒன்று முதுகிலிருந்து வயிறு வரை ஓடியிருந்தது. மேற்சட்டையின் விளிம்பு வந்ததும் கோடு வெட்டியதுபோல் நின்றுவிட்டது. துணி எதைத் தடுத்தது, எதைத் தடுக்கவில்லை என்பதை அதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் காட்டாது.

எனவே, வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது துணியின் விலையை அன்று, உடை உடலில் அமரும் விதத்தை. மேலும் கீழும் ஒன்றாய் இணைந்த ஒற்றையுடையே சிறந்தது. இரண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது என்றால், மேற்சட்டையின் உட்புறத்தில் நாடாவோ வளையமோ தைத்துக் காற்சட்டையின் இடுப்புக் கயிற்றுடன் முடிந்துகொள்ளலாம்; மேற்சட்டை குறைந்தது இடுப்பெலும்பைத் தாண்டிக் கீழே இறங்க வேண்டும். கழுத்துப்பட்டி உயர்ந்து தொண்டையை ஒட்டி நிற்க வேண்டும். கை மணிக்கட்டையும் தாண்டி வந்து, பெருவிரலை நுழைக்கும் துளையுடன் முடிந்தால், எத்தனை தடவை கையை வீசினாலும் மேலே ஏறாது. காலுக்கும் அவ்வாறே பாதத்தின் அடியால் செல்லும் பட்டி இருப்பது நன்று. பாதத்துக்கு நீர்க்காலுறை அல்லது இறப்பர் அடியுள்ள மெல்லிய சப்பாத்து வேண்டும், ஏனெனில் கரையில் ஒதுங்கிய நூலை மிதிப்பவர்கள் பலர். பட்டிப்பூட்டு எனப்படும் சிப்பின் பற்களுக்குப் பின்னால் ஒரு துணி மடிப்பு இல்லாவிட்டால், அந்த நீளம் முழுவதும் ஒரு வாசலாகிவிடும். அணிந்த பின் இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தியும், குந்தியிருந்தும், நீந்துவதுபோல் கைகளைச் சுழற்றியும் பார்க்க வேண்டும். அப்போது எந்த இடத்தில் தோல் தெரிகிறதோ, அந்த இடத்திலேயே கடலில் கொட்டும். பிள்ளை வளருவான், அடுத்த வருடமும் போடலாம் என்று பெரிய அளவில் வாங்கும் பெற்றோரின் சிக்கனத்தை நான் மதிக்கிறேன். பாடசாலைச் சீருடைக்கு அது பொருந்தும், இந்த உடைக்கு மட்டும் பொருந்தாது.

துணியைப் பொறுத்தவரை, நூற்றுக்கு 80 பங்கு நைலோன் அல்லது பொலியெஸ்டரும் 20 பங்களவு லைக்ராவும் கலந்தது பரவலாகக் கிடைக்கிறது. லைக்ரா என்று நாம் சொல்லும் நீளும் இழையை 1958ஆம் ஆண்டு அமெரிக்காவின் டியூபொன்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கினார். பெண்களின் உள்ளாடை இறப்பருக்கு மாற்றாகத் தேடப்பட்ட அந்த இழை இன்று கடலில் உயிர் காக்கிறது. நைலோன் மென்மையாக இருக்கும். பொலியெஸ்டர் வெயிலுக்கும் நீச்சல் தடாகக் குளோரினுக்கும் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். எமது வெயிலுக்கு நான் பொலியெஸ்டரையே பரிந்துரைப்பேன். கடையில் துணியை ஒரு கையால் விரித்து இழுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இழுத்த நிலையில் உங்கள் விரல்களின் உருவம் அதனூடே தெளிவாகத் தெரிந்தால், உடலில் இறுகும்போது அதன் பின்னல்கண் விரிந்துவிடும் என்று பொருள். அத்தகைய துணியையும், காற்றோட்டத்துக்கென வலைத்துண்டு பொருத்திய விளையாட்டு மேற்சட்டைகளையும் தவிர்க்க வேண்டும். உடையின் துண்டுச்சீட்டில் யு.பி.எப். 50 என்று இருந்தால், வெயிலின் ஊதாக்கடந்த கதிரில் ஐம்பதில் ஒரு பங்கை மட்டுமே, அதாவது 2 சதவீதத்தையே அது உள்ளே விடுகிறது என்பது கருத்து. இதுவும் நெருக்கமான நெசவுக்கு ஒரு நல்ல அடையாளம்.

வெளிநாட்டிலிருந்து சிலர் நியோப்பிரீன் எனும் தடித்த இறப்பர் உடைகளைக் கொண்டுவந்து தருகிறார்கள். அவை குளிர்நீருக்கானவை. எமது கடல்நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 27 முதல் 30 பாகை செல்சியஸ் வரை இருக்கும்போது, கரையோரத்தில் விளையாடும் பிள்ளைக்கு அதை அணிவித்தால் உடல் சூடேறிக் களைப்படையும். நீண்ட நேரம் ஆழத்தில் நிற்கும் சுழியோடிகளுக்கு மெல்லிய வகை உதவலாம். குளிக்க வருவோருக்கு அது வீண் செலவு.

பெண்களின் உடை பற்றித் தயக்கமின்றிப் பேச வேண்டியுள்ளது. வன்னியில் பெண்கள் கடலில் இறங்கும்போது உடலை மூடியே இறங்க விரும்புகிறார்கள். இழுதுமீனிலிருந்து காக்கும் உடையும் கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடுவதே. ஆகவே வழக்கமும் பாதுகாப்பும் இவ்விடயத்தில் முரண்படவில்லை. தடையாக இருப்பது, உடலை ஒட்டி இறுகும் துணியை அணிந்துகொண்டு பலர் முன்னிலையில் நடப்பதிலுள்ள கூச்சம் மட்டுமே. அதற்கும் வழியுண்டு. உள்ளே முழுவுடல் லைக்ரா உடையை அணிந்து, அதற்கு மேல் அதே வகைத் துணியில் தொடையின் நடுப்பகுதி வரை மட்டும் இறங்கும், கையில்லாத ஒரு சிறு மேலங்கியை அணிந்துகொள்ளலாம். 2004ஆம் ஆண்டளவில் அவுஸ்திரேலியாவில் அகீடா சனெற்றி முஸ்லிம் பெண்களுக்காக வடிவமைத்த புர்க்கினியும் இத்தகைய அமைப்பையே கொண்டது. முசலி, முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் சகோதரிகளுக்கும் அது பொருந்தும். மேலங்கியில் நச்சு நூல் சிக்கினாலும் உள்ளே இன்னொரு துணி இருப்பதால் தோலை எட்டாது. ஆனால் உள்ளுடை இல்லாமல் மேலங்கியை மட்டும் அணிவதும், அதை முழங்காலுக்குக் கீழே நீட்டுவதும், துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு அலைக்குள் போவதும் ஆபத்தானவை. எங்கள் பெண்பிள்ளைகள் நீந்தப் பழகாமல் கரையில் நின்று தம்பிமாரின் செருப்புகளைக் காவல் காப்பதற்குப் பொருத்தமான உடை இல்லாமையும் ஒரு காரணம் என்பதை நான் பல குடும்பங்களில் கண்டிருக்கிறேன்; அது என்னை மிகவும் வருத்துகிறது.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். நீலம், சாம்பல், வெள்ளை ஆகியவை நீரில் கரைந்து மறைந்துவிடும். செம்மஞ்சள், ஒளிரும் மஞ்சள், கடும் இளஞ்சிவப்பு ஆகியவை தொலைவிலிருந்தும் தெரியும். உயிர்காப்பாளர் எப்போதும் நிற்காத கரைகளில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பெற்றோர் காண்பதற்கு இது இன்றியமையாதது.

முகம் மட்டும் எஞ்சுகிறது. தலைமூடியும், கண்ணை மூடும் நீச்சல் கண்ணாடியும் பெரும்பகுதியைக் காக்கும். சீனாவின் சிங்தாவ் நகரக் கடற்கரையில் வெயிலுக்கும் இழுதுமீனுக்கும் எதிராகக் கண், மூக்கு, வாய் ஆகியவற்றுக்கு மட்டும் துளைவிட்ட முகமூடியைப் பெண்கள் பலர் அணிகிறார்கள். கியூபாவிலிருந்து புளோரிடாவுக்கு நீந்த முயன்ற டயானா நயாட், 2011இல் இழுதுமீன்களின் கொட்டுதலால் மிகவும் துன்புற்று, பின்னர் 2013இல் தமது 64ஆவது வயதில் மீண்டும் இறங்கியபோது முழுவுடல் உடையையும் முகத்துக்கெனச் செய்த மூடியையும் பயன்படுத்தினார். அந்த நீச்சலை அமைப்புகள் அங்கீகரிப்பது பற்றிய விவாதம் வேறு; உடை பற்றிய பாடம் வேறு. பாக்குநீரிணையை 1971இல் இரு வழியும் நீந்திக் கடந்த ஆழிக்குமரன் ஆனந்தனின் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளை ஊக்குவிக்கும் நாம், நீண்டதூர நீச்சல் விதிகள் பெரும்பாலும் உடலை மூட அனுமதிப்பதில்லை என்பதையும், பயிற்சியில் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்த விதி எதுவும் இல்லை என்பதையும் சேர்த்தே கூற வேண்டும்.

குளிக்க வருவோரைவிட அதிகம் கொட்டுப்படுபவர்கள் கடற்றொழிலாளர்கள். கரைவலையின் மடி கரையை நெருங்கும்போது இடுப்பளவு நீரில் நின்று வலையை ஏந்துபவர்கள் மடித்துக் கட்டிய சாரத்துடனோ அரைக் காற்சட்டையுடனோ நிற்கிறார்கள். வலைக்கண்ணில் நசிந்து துண்டான இழுதுமீனின் சிதறல்கள் கையிலும் தொடையிலும் படுவதோடு, வலையை உதறும்போது கண்ணிலும் தெறிக்கின்றன. நந்திக்கடலில் இறங்கி இறால் பிடிப்போருக்கும், பூநகரிப் பக்கத்தில் கடலட்டைப் பண்ணைகளில் நீருக்குள் நின்று வேலைசெய்யும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இதே பாதுகாப்பு உரியது. அவர்களுக்கு விலை உயர்ந்த சுற்றுலா உடை வேண்டியதில்லை. இறுக்கமான நீளக்கை மேற்சட்டை, கணுக்கால் வரையான இறுக்கக் காற்சட்டை, கையுறை, ஒரு கண்ணாடி ஆகியவை போதும். கடலில் இறங்குமுன் சுற்றுலாப் பயணிகள் கேட்டறிய வேண்டியதும் இவர்களிடமே: இன்று மடியில் சொறி ஏறியதா என்று ஒரு வார்த்தை கேட்டால், அன்றைய நிலைமை தெரிந்துவிடும்.

உடையைக் கழற்றும்போதும் கவனம் வேண்டும். நீரைவிட்டு வந்ததும் நல்ல தண்ணீரை ஊற்றவோ துவாயால் தேய்க்கவோ கூடாது. துணியில் ஒட்டிய நூலின் வெடிக்காத பைகள் அப்போது வெடிக்கும். முதலில் கடல்நீரால் நன்றாக அலசி, கையுறை அணிந்த கையால் உடையை உட்புறம் வெளியே வரும்படி உரித்தெடுக்க வேண்டும். பிறகு வீட்டில் சவர்க்காரம் இட்டுப் பல தடவை கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். காய்ந்துபோன நூல்கூட மீண்டும் நனையும்போது கொட்டக்கூடியது என்பதால், கழுவாத உடையைத் தம்பிக்கோ தங்கைக்கோ மாற்றிக் கொடுக்கக் கூடாது.

அப்படியும் கொட்டிவிட்டால், மணலால் தேய்ப்பதும், சாராயம் ஊற்றுவதும், சிறுநீர் விடுவதும் நிலைமையை மோசமாக்கும் பழக்கங்கள். கடல்நீரால் கழுவி, ஒட்டியிருக்கும் நூலை மெதுவாக எடுத்துவிட வேண்டும். பைசாலியா கொட்டியிருந்தால், தாங்கக்கூடிய சூடான, ஏறத்தாழ 45 பாகை செல்சியஸ் நீரில் 20 நிமிடம் அமிழ்த்தி வைக்கும்படி அவுஸ்திரேலிய முதலுதவி வழிகாட்டல் கூறுகிறது. நீர் சுடுகிறதா என்று முதலில் உதவுபவர் தன் கையிலேயே பார்க்க வேண்டும். வினாகிரியை 30 செக்கன் ஊற்றுவது பெட்டி இழுதுமீனுக்கு உரியது. பைசாலியாவுக்கு அதே வழிகாட்டல் அதைப் பரிந்துரைப்பதில்லை. மூச்சுத் திணறல், நெஞ்சு நோ, தொடர் வாந்தி, உடலின் பெரும்பகுதியில் தழும்பு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், முகத்திலோ கண்ணிலோ கொட்டியிருந்தாலும், உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் காவுவண்டியை வரவழைக்க வேண்டும்.

நான் இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டிய முதன்மையான எண்ணத்தை இப்போது சொல்கிறேன். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் உள்ள ஆடைத் தொழிற்சாலைகளில் எமது ஊர்ப் பெண்கள் ஏராளமானோர் வேலைசெய்கிறார்கள். நீளும் துணியை இழுபடாமல் வெட்டுவதும், தையல் வெடிக்காதபடி ஓவர்லொக் இயந்திரத்தில் மூட்டுவதும், தோலை உராயாதபடி தட்டையாக மடிப்பதும் அவர்களில் பலருக்குக் கைவந்த கலை. அவர்களின் கையால் தைத்த உடைகள் கடல் கடந்த நாடுகளில் விளையாட்டு வீரர்களின் உடலில் இருக்கின்றன. அவர்களின் சொந்தப் பிள்ளைகள் செம்மலைக் கரையில் பருத்திப் பெனியனுடன் இறங்கிக் கொட்டு வாங்குகிறார்கள். இந்த நிலை மாற வேண்டும், மாற்றவும் முடியும். ஒரு பிள்ளையின் முழுவுடல் உடைக்கு இரண்டு மீற்றருக்கும் குறைவான துணியே போதும். துணியும் நீளும் நூலும் கொழும்பிலிருந்து வருவிக்கக்கூடியவை. வேலையை விட்டு வீட்டோடு இருக்கும் அனுபவமுள்ள பெண்கள், மாதர் சங்கங்களின் உதவியுடன் ஊருக்கு ஒருவராக இதைத் தைக்கத் தொடங்கினால், வெளிநாட்டு உடைக்குக் கொடுக்கும் விலையில் ஒரு சிறு பகுதிக்கு, எமது பிள்ளைகளின் அளவுக்கும் எமது பெண்களின் விருப்பத்துக்கும் ஏற்ற உடை கிடைக்கும். முதற் கொள்வனவாளர்களாகப் பாடசாலைகளின் நீச்சல் அணிகளும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் முன்வரலாம்.

புலம்பெயர்ந்த உறவுகளிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆடி மாதம் வரும்போது, உங்கள் பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன நீளக்கை நீச்சலுடைகளைக் கழுவிக் காயவைத்துப் பெட்டியில் ஓர் ஓரத்தில் வைத்துக் கொண்டுவாருங்கள். கனம் அற்றவை, இடம் பிடிக்காதவை. ஆனால் நெகிழ்ந்து தொளதொளத்துப் போனவற்றையும் முழங்கையோடு நிற்பவற்றையும் தவிர்த்து, மணிக்கட்டும் கணுக்காலும் இறுக்கமாக உள்ளவற்றையே தெரிந்தெடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

கரையோரப் பிரதேச சபைகள், கடற்கரைகளில் உள்ள அறிவிப்புப் பலகைகளில் இழுதுமீனின் படத்தையும், அணியத்தக்க உடையின் படத்தையும், முதலுதவியையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிவைக்க வேண்டும். கல்வி வலயங்கள், கடற்கரைச் சுற்றுலாவுக்கு அனுமதி வழங்கும்போது பிள்ளைகளின் உடை பற்றிய ஒரு வரியையும் பெற்றோருக்கான கடிதத்தில் சேர்க்க வேண்டும். தங்கள் பத்திரிகையும் சோளகம் தொடங்குமுன்னர், தையற் கலையில் தேர்ந்த ஒருவரைக் கொண்டு இவ்வுடையின் வெட்டும் முறையை அளவுகளுடன் மகளிர் பகுதியில் படமாக வெளியிட்டால், அதைப் பார்த்துத் தைக்கக் காத்திருக்கும் தையற்காரப் பெண்கள் அளம்பிலில் மட்டுமே பலர் உள்ளனர். தேவைப்படின் பிள்ளைகளின் வயதுவாரியான உடல் அளவுகளை எடுத்து அனுப்ப நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
அளம்பில், முல்லைத்தீவு.